விளையாட்டும் உரையாட்டும்

விளையாட்டு என்றவுடனே நம் நினைவிற்கு வருவன பந்தும் மட்டையும், ஓட்டமும் தாண்டலும், சடுகுடுவும் சிலம்பமுமேயாம். இவை உடலை உரப்படுத்தும். வெற்றி தோல்விகளை ஒரு நிகராக ஏற்கும் மனப்பான்மையையும் ஓரளவு வளர்க்கும். இவற்றின் வேறாய பிறிதொரு வகை விளையாட்டும் உண்டு. அதற்குப் பரந்த வெளி வேண்டுவதில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. ஒரு கூடமும், பத்துப் பன்னிருவரும், சில தாள்களும், இரண்டு நாழிகைப் பொழுதும் இருப்பின் போதும். அதில் வென்றார் என்றும் தோற்றார் என்றும் எவரும் இலர். ஆடி முடித்தபின், ஆடியோர் ஒவ்வொருவரும் தம்மைப்பற்றித் தாம் முன்னறியாத ஒன்றையேனும் அறிந்து செல்வர். அத்தகைய குழு விளையாட்டுக்களுள் எளியன ஆறனை எடுத்து, அவற்றை ஆடும் முறையும், அவற்றால் விளையும் பயனும், அவற்றை நடத்துவோர் காக்க வேண்டிய வரம்பும் ஈண்டுக் கூறுவாம்.

இவை நமக்கு வேண்டப்படுவது ஏன் என்பதனை முதற்கண் ஆராய்வோம். கல்லூரியை நாடி வரும் மாணவர் பல ஊரினர், பல வழக்கினர். ஒருவர் 'அங்கிட்டு' என்பதனை மற்றொருவர் 'அங்ஙன' என்பர். வேறொருவர் 'அந்தாண்டை' என்பர். தந்தையும் பாட்டனும் பயின்ற கல்லூரியிலேயே பயில வருவாரும் உளர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பாரும் உளர். இவரெல்லாரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகின்றனர். எனினும், ஓராண்டு ஓரறையில் உறைந்தும் அண்டைக் கட்டிலில் படுத்திருப்பவரின் உள்ளத்தை அறியாது பிரிவார் பலர். வகுப்பிலோ, பேசுவார் சிலரே எந்நாளும் பேசுவர். பேசாதார் எந்நாளும் பேசார். பேசாதாரைச் செருக்கர் என்பார் சிலர். அறிவு குறைந்தவர் என்பார் சிலர். தம் ஊர் வழக்கைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என்னும் ஓர் அச்சமே அவர் வாயைப் பூட்டியிருத்தல் கூடும் என்று எண்ணுவார் மிகச் சிலர். இங்ஙனம் வாய் பூட்டப்பட்டோருள் சிலர், முதலாண்டு முடியுமுன்னரே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். பணமின்மையால் சென்றனர் என்று நாம் கருதுகிறோம். ஒருவர் செவிகூடத் தமக்கென்று வாய்க்காமையால் சென்றாரும் அவருள் உளர்.

இக்குறையை அறிவுரையால் நீக்கலாகாதோ எனின், அஃது அத்துணை எளிதன்று. 'நீ பிறர் கூறுவதை முற்றும் கேட்பதில்லை' என்று நண்பன் ஒருவனிடம் கூறிப் பாருங்கள். அவன் அதனையும் முற்றும் கேளாது சினப்பான். ஆட்டத்திலோ, தான் கேளாமையால் ஆட்டம் கெட்டதனை அவனே கண்டு, தானே நகைத்து, தானே திருந்துவான். விளையாட்டிற் செய்த பிழைக்குத் தண்டம் இல்லை; மானக்கேடும் இல்லை. ஆதலின், மனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் மதில் அப்போது தாழ்ந்திருக்கும். அவ்வேளையிற் புகும் உண்மை எளிதிற் புகும்.

உரையாடலும் குறிப்பறிதலும் பயின்று பெற வேண்டிய கலைகள் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருவள்ளுவர் கேள்வியை 42ஆம் அதிகாரத்திலும், சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்திலும், அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றை 72, 73ஆம் அதிகாரங்களிலும் வைத்தனர். கேட்டல் முன்னும் பேசுதல் பின்னுமாக அமைந்த அம்முறை நோக்கத்தக்கது. 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் இருத்தலும் அங்ஙனமே. ஒன்று பொருட்பாலில் 71ஆவதாகவும், மற்றொன்று காமத்துப்பாலில் 110ஆவதாகவும் அமைந்துள்ளன. அரசவையில் வேண்டப்படும் அதே நுண்ணறிவு அன்புடையாரிடையிலும் வேண்டப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்தில் இத்துறையை ஒரு பயிற்சி முறையாக வகுத்தவருள் குர்ட் லெவின் என்னும் உளநூலறிஞர் தலையாயவர். அவர் 1933ஆம் ஆண்டில் செருமானிய நாட்டை விட்டு அமெரிக்காவிற் குடியேறியவர். 1946ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில், இன வேற்றுமையாலும் சமய வேற்றுமையாலும் மக்களிடையே விளையும் பகைமையைத் தணிக்கும் பணியில் ஈடுபட்டோர்க்கு அவரும் அவர்தம் துணைவரும் ஒரு பயிற்சி முகாம் நடத்தினர். பகலிற் குழுவினர் கூடிப் பேசுவர். மாலையில் ஆராய்ச்சியாளர் தனித்திருந்து, யார் எங்ஙனம் நடந்துகொண்டார் என்று ஆய்வர். ஒருநாள் குழுவினர் சிலர் தாமும் அவ்வாய்வைக் கேட்க விழைந்தனர். அவரும் அமர்த்தப்பட்டனர். தம்மைப்பற்றிப் பிறர் கண்டதனைத் தம் செவியாற் கேட்ட அம்மாலைப் பேச்சே, பகல் முழுதும் நடந்த சொற்பொழிவுகளினும் மிக்க பயனைத் தந்ததென்பது புலனாயிற்று. லெவின் 1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இறந்தார். அவ்வாண்டு வேனிற்காலத்திலேயே அவருடைய துணைவர் மேன் மாநிலத்துப் பெத்தல் என்னும் ஊரில் அப்பயிற்சியைத் தொடர்ந்தனர். மக்களிடையே பகை தணிய வேண்டும் என்னும் கவலையினின்று தோன்றியமையால், இவ்வகைப் பயிற்சிகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுதல் பொருந்தாது.

இனி, விளையாட்டுக்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, செவிவழிச் செய்தி. இது சிறுவரும் ஆடுவது. பன்னிருவர் வரிசையாக அமர வேண்டும். நடத்துவோர் ஒரு செய்தியை முதல்வர் செவியில் ஒருமுறை மட்டும் ஓதுவார். அவர் அடுத்தவர் செவியில் ஓதுவார். கடைசியில் இருப்பவர் தாம் கேட்டதனை யாவரும் அறிய உரைப்பார். செய்தி சற்று விரிவாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 'வருகின்ற செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு நூல்நிலையத்தின் கீழ்ப்புறக் கதவு அடைக்கப்படும். நூல் திருப்ப விரும்புவோர் வடபுறக் கதவு வழியே நீலச் சீட்டுடன் வருக' என்று ஓதலாம். எங்கள் விடுதிக் கூடத்தில் இதனை ஆடியபோது, பன்னிரண்டாம் செவியிற் சென்று வீழ்ந்தது, 'செவ்வாய்க்கிழமை நூல்நிலையம் இல்லை' என்பதே. கதவும், திசையும், நாழிகையும், சீட்டும் நடுவழியில் உதிர்ந்தன.

கேம்பிரிட்சுப் பேராசிரியர் பிரெடரிக் பார்ட்லெட் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய சோதனைகளை விளக்கினர். ஒரு கதை ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு மாறிச் செல்லுங்கால் சுருங்குகிறது. கேட்போர்க்குப் பழக்கமில்லாத பகுதிகள் பழக்கமானவையாக உருமாறுகின்றன. ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் இருவர் 1947ஆம் ஆண்டில் வதந்தியைப் பற்றி எழுதிய நூலில் அம்மாற்றத்தை மூவகைப்படுத்தினர். விவரங்கள் உதிர்தல் ஒன்று. எஞ்சிய சில விவரங்கள் கூர்மையுறுதல் ஒன்று. கேட்போர்தம் முன்னெண்ணங்களுக்கு ஏற்பச் செய்தி வளைதல் ஒன்று. இம்மூன்றும் பொய்யுரைக்க வேண்டும் என்னும் எண்ணம் சிறிதும் இன்றியே நிகழ்வன. இன்று கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஆயிரவர்க்குப் பரவும் செய்திகளை எண்ணுவார்க்கு இதன் பெருமை விளங்கும்.

முதற்சுற்று முடிந்ததும் இரண்டாஞ் சுற்று ஆடுக. இம்முறை, செய்தியைக் கேட்டவர் அதனைக் கூறியவரிடமே திரும்ப ஓதிக் காட்டி, 'சரி' என்று அவர் தலையசைத்த பின்னரே அடுத்தவர்க்குக் கூறல் வேண்டும். இருமடங்கு பொழுது செல்லும். ஆயின் கதவும் திசையும் உதிரா. 'நீர் கூறியது இதுதானே?' என்று ஒருமுறை திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்குமாயின், எத்துணையோ பிணக்குகள் முளையிலேயே கருகிவிடும்.

இரண்டாவது, முதுகுப்புற ஓவியம். இருவர் ஒருவர்க்கொருவர் முதுகு காட்டி அமர்க. ஒருவர் கையில் சதுரமும் வட்டமும் முக்கோணமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஒரு வரைபடம் இருக்கும். மற்றொருவர் கையில் வெற்றுத்தாள் இருக்கும். முன்னவர் படத்தைச் சொல்லால் உரைக்க, பின்னவர் அதனைக் கேட்டு வரைதல் வேண்டும். முதற்சுற்றில் வரைவோர் வாய் திறத்தல் கூடாது. இரண்டாஞ் சுற்றில், வேறொரு படத்தை வைத்துக்கொண்டு, வரைவோர் வேண்டுமளவு வினவலாம்.

லெவிட், முல்லர் என்னும் இருவர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வாறு செவ்வகங்களின் அமைப்பை உரைத்து வரையச் செய்தது. வினவுதற்கு இடமில்லாத முறையில் வேலை விரைவில் முடிந்தது, பிழையோ மிகுந்தது. வினவ இடந்தந்த முறையில் பொழுது மிகுந்தது, படங்கள் திருந்தின, உரைத்தவர், வரைந்தவர் ஆகிய இருவர்க்கும் தம் வேலையில் நம்பிக்கையும் மிகுந்தது. விரைவு வேண்டுமா, திருத்தம் வேண்டுமா என்பது ஆளுவோரும் ஆசிரியரும் பெற்றோரும் நாடோறும் விடை கூற வேண்டிய வினாவேயாம்.

இவ்வாட்டத்தில் நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் தகும். முதலாண்டு மாணவர் ஒருவர். வகுப்பிலும் விடுதியிலும் வாய் திறவாதவர். தந்தை கொத்தனார் வேலை செய்பவர். விடுமுறைகளில் அவரும் உடன் சென்று சாந்து குழைத்துக் கொடுப்பாராம். மேடைப்பேச்சிற் பரிசு பெற்ற மாணவர் ஒருவர் முதலில் படத்தை உரைத்தார். அழகிய தொடர்களே வந்தன. வரைந்தவர் தாளில் மட்டும் ஒன்றும் உருவாகவில்லை. பின்னர் இவர் முறை வந்தது. 'தாளின் நடுவில் ஒரு புள்ளி வை. அதிலிருந்து கீழே தூக்குக்குண்டு விட்டதுபோல ஒரு கோடு. உன் சுண்டுவிரல் நீளம். கோடு முடியுமிடத்தில் மூலைமட்டம் வைத்தாற்போல வலப்பக்கம் திரும்பு' என்று அவர் கூறக் கூற, படம் தானே வந்து அமர்ந்தது. முழு உருவத்தை முன்னும், உறுப்பைப் பின்னும், அளவைக் கேட்போர் கையிலுள்ள பொருளைக் கொண்டும் கூறும் முறையைச் சாரத்தின்மேல் நின்று அவர் கற்றிருந்தார். அவர் பேசத் தெரியாதவர் என்று அதுகாறும் கருதியிருந்த நாங்கள், அவரைப் பேச வைக்கும் வினாவை ஒருநாளும் கேட்டிலம் என்பதனை அன்று உணர்ந்தோம்.

மூன்றாவது, தாளங்கேட்டுப் பாட்டறிதல். ஒருவர் யாவரும் அறிந்த ஒரு பாட்டை மனத்துள் எண்ணி, அதன் நடையை மேசைமேல் விரலால் தட்டுவார். மற்றவர் அஃது எப்பாட்டென்று கூறல் வேண்டும். தட்டுமுன், எத்துணைப் பேர் கண்டறிவர் என்று தாம் நம்புகின்றார் என்பதனை அவர் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். இதனையே எலிசபெத் நியூட்டன் என்னும் ஆராய்ச்சி மாணவி 1990ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்விற் சோதித்தனர். தட்டப்பட்ட பாட்டுக்கள் 120. கேட்டோர் கண்டறிந்தவை 3. தட்டியவர்களோ, ஏறத்தாழ இரண்டில் ஒன்று கண்டறியப்படும் என்று எதிர்பார்த்திருந்தனர்.

இதன் காரணம் வெளிப்படை. தட்டுவோர் நெஞ்சில் பாட்டின் சொல்லும் இசையும் நிறைந்து ஒலிக்கின்றன. கேட்போர் செவியிலோ மரத்தின்மேல் விரல் படும் ஓசை ஒன்றே விழுகிறது. தாம் அறிந்ததனை அறியாதார் நிலையில் நின்று எண்ணிப் பார்த்தல் மனத்திற்கு அரிய செயல். 'இதுகூடவா தெரியவில்லை?' என்னும் சொல் நம் நாவில் எழும்போதெல்லாம், நாம் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைவு கொள்ளுதல் நலம். பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கும், பின்தங்கிய தோழனுக்குக் கணக்கை விளக்கும் மாணவர்க்கும் இஃது ஒருங்கே பொருந்தும்.

நான்காவது, மெய்ப்பாட்டு விளையாட்டு. இது தமிழ் பயில்வோர்க்குப் பெரிதும் உவப்பளிப்பது. உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படும் முறையை ஆராய்தற்கென்றே தொல்காப்பியப் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என்னும் ஓர் இயல் அமைந்துள்ளது. உவகை, அச்சம், வெகுளி, நகை, அழுகை, பெருமிதம், மருட்கை, இளிவரல் என்னும் எட்டையும் எட்டுச் சீட்டுக்களில் எழுதி மடித்து வைக்க. ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, 'நீயும் வந்துவிட்டாயா' என்னும் ஒரே தொடரை அம்மெய்ப்பாடு தோன்றக் கூறுவார். முதற்சுற்றில் அவர் முகம் தெரியாது சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார். இரண்டாஞ் சுற்றில் முகங் காட்டி நிற்பார். மற்றவர் தாம் கொண்ட பொருளை எழுதிப் பின் ஒப்பிட்டுப் பார்ப்பர்.

நாங்கள் ஆடியபோது பெருமிதமாகக் கூறப்பட்டதனை வெகுளி என்று எழுதியோர் பலர். மருட்கையாகக் கூறப்பட்டதனை இளிவரல் என்று எழுதியோரும் இருந்தனர். வியந்து கூறிய ஒரு சொல் இழித்துக் கூறியதாகக் கொள்ளப்பட்டது என்பதே அதன் பொருள். சொல் ஒன்றே, அதனை ஏற்றிச் செல்லும் குரலும் முகமும் வேறு வேறு. அவ்விரண்டும் இல்லாத எழுத்துச் செய்தியை மட்டும் கண்டு, 'இன்ன எண்ணத்தோடு எழுதினான்' என்று தீர்ப்புக் கூறுவோர் எத்துணை நொய்ய அடிப்படையில் நிற்கின்றனர் என்பது இவ்வாட்டத்தால் தெளிவாகும். தம் குரல் தம் எண்ணத்தினும் கடியது என்பதனை முதன்முறையாக அறிந்து திகைப்பாரும் உளர். அத்திகைப்பே தன்னறிவின் தொடக்கம்.

ஐந்தாவது, சதுரம் சேர்த்தல். குழுவினர் எங்ஙனம் ஒத்துழைக்கின்றனர் என்பதனை ஆராய்ந்த அலெக்ஸ் பேவலஸ் என்னும் அறிஞர் பெயரோடு இணைத்து வழங்குவது இது. ஒரே அளவினவாகிய ஐந்து அட்டைச் சதுரங்களை, ஒவ்வொன்றும் மும்மூன்று துண்டாக, வேறு வேறு வடிவில் வெட்டுக. சில துண்டுகள் ஒன்றற்கு மேற்பட்ட சதுரங்களிற் பொருந்துமாறு வெட்டுதல் வேண்டும். பதினைந்து துண்டுகளையும் கலந்து, ஐந்து உறைகளில் இட்டு, மேசையைச் சுற்றியிருக்கும் ஐவர்க்குக் கொடுக்க. ஒவ்வொருவர் முன்னும் ஒரு முழுச் சதுரம் அமைந்தாலன்றி ஆட்டம் முடியாது. விதிகள் மூன்று. ஒருவரும் பேசலாகாது, சைகையாலும் கண்ணாலும் எதனையும் கேட்டல் ஆகாது, தம் துண்டைப் பிறர்க்குத் தாமே கொடுக்கலாம், பிறர் துண்டைத் தாமே எடுத்தல் ஆகாது.

இங்குத்தான் ஒருவர் இயல்பு உள்ளவாறு வெளிப்படும். ஒருவர் விரைந்து ஒரு சதுரத்தை அமைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்து, ஏனையோர் இடர்ப்படுவதனை வேடிக்கை பார்ப்பார். ஆயின், அவர் அமைத்த சதுரத்தினுள்ளேயே மற்றொருவர்க்கு இன்றியமையாத துண்டு சிக்கியிருக்கும். அவர் தம் சதுரத்தைத் தாமே கலைத்துக் கொடுத்தாலன்றி ஐவர் சதுரமும் முற்றுப்பெறா. முடிந்ததாகத் தாம் மகிழ்ந்த ஒன்றைப் பிறர்பொருட்டுக் கலைக்கும் அந்த ஒரு செயலுக்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதனை ஆடிக் காண்போரே அறிவர். தம் நலம் தேடுவதோடு நில்லாமல் பிறர் குறையையும் நோக்கும் கண் வேண்டும் என்று நாம் எத்துணையோ முறை கேட்டிருக்கிறோம். பதினைந்து அட்டைத் துண்டுகள் அதனைக் கால் மணிப் பொழுதில் கையில் உணர்த்திவிடுகின்றன.

ஆறாவது, நான்கறைச் சாளரம். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்னும் இருவர் 1955ஆம் ஆண்டில் இதனை வகுத்தனர். ஜோ, ஹாரி என்னும் அவர்தம் பெயர்ச் சுருக்கங்களைக் கூட்டி 'ஜோஹரி சாளரம்' என்று இது வழங்கப்படுகிறது. ஒருவருடைய இயல்பைச் சாளரமாகக் கொண்டால், அதில் நான்கு அறைகள் உள. தாமும் பிறரும் அறிந்த பகுதி முதலறை. பிறர் அறிந்து தாம் அறியாதது இரண்டாமறை. தாம் அறிந்து பிறரிடம் மறைத்தது மூன்றாமறை. இருசாராரும் அறியாதது நான்காமறை.

ஆடும் முறை வருமாறு: பொறுமை, நகைச்சுவை, துணிவு, அமைதி, பரிவு, ஒழுங்கு, ஆர்வம், நேர்மை எனப் பண்புப் பெயர்கள் பலவற்றை ஒரு பட்டியலாக எழுதி யாவர்க்கும் கொடுக்க. ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் என்று தாம் கருதும் ஐந்தனைத் தெரிந்து எழுதுவர். பின்னர், குழுவிலுள்ள ஒவ்வொருவர்க்கும் பொருந்துவன என்று ஏனையோர் ஐந்து ஐந்து எழுதித் தருவர். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்தவற்றை முதலறையிலும், பிறர் மட்டும் எழுதியவற்றை இரண்டாமறையிலும், தாம் மட்டும் எழுதியவற்றை மூன்றாமறையிலும் நிரப்புக. பட்டியலில் நற்பண்புகளே இருத்தல் சிறப்பு. தம்மிடம் இல்லை என்று தாம் ஐயுற்றிருந்த துணிவைப் பிறர் அறுவர் எழுதியிருக்கக் காணும் ஒருவர், அன்றிரவு வேறொருவராக உறங்கச் செல்வார். பிறர் கூறுவதற்குச் செவி கொடுப்பதால் இரண்டாமறை சுருங்கும். தம்மை அளவறிந்து வெளிப்படுத்துவதால் மூன்றாமறை சுருங்கும். அவ்விரண்டும் சுருங்கச் சுருங்க முதலறை விரியும். அதன் விரிவே நட்பின் விரிவு.

இனி, இவற்றை நடத்துவோர் காக்க வேண்டிய வரம்புகளைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, ஆட்டத்தினும் ஆட்டத்தின் பின் நிகழும் பேச்சே பெரிது. 'யாது நிகழ்ந்தது? அப்போது நீர் யாது உணர்ந்தீர்? இதனை நாளை வகுப்பில் எங்ஙனம் பயன்படுத்துவீர்?' என்னும் மூன்று வினாக்களை நடத்துவோர் மறவாது வினவ வேண்டும். அவ்வினாக்கள் இல்லையேல் எஞ்சுவது நகைப்பு ஒன்றே.

இரண்டாவது, எவரையும் வற்புறுத்தல் ஆகாது. 'இச்சுற்றில் நான் பார்வையாளனாக இருக்கின்றேன்' என்று கூறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. காரணம் கேட்டல் தகாது. மூன்றாமறையின் திறவுகோல் அவரவர் கையில் இருத்தலே அறம். பிறர் அதனைப் பறித்துத் திறப்பின் அது விளையாட்டாகாது.

மூன்றாவது, ஆட்டத்தில் வெளிப்பட்ட ஒன்றை வெளியே கொண்டுசென்று ஏளனத்திற்குப் பொருளாக்குதல் பெருங்குற்றம். இதனை ஆட்டத்தின் முன்னரே யாவரும் ஒருமுகமாக ஒப்புதல் வேண்டும்.

நான்காவது, நடத்துவோரும் ஒருமுறையேனும் ஆட்டத்துட் புகுதல் வேண்டும். மாணவர் முன் வட்டத்தைச் சதுரமாக உரைத்துத் தாமே நகைக்கும் ஆசிரியரிடம் மாணவர் பின்னர் அஞ்சாது ஐயம் வினவுவர்.

ஐந்தாவது, எளியதினின்று அரியதற்குச் செல்லுக. முதல் நாளிலேயே நான்கறைச் சாளரத்தைத் திறத்தல் ஆகாது. செவிவழிச் செய்தியும் தாளமும் ஆடி நகைத்துப் பழகிய குழுவே சதுரத்திற்கும் சாளரத்திற்கும் தகுதியுடையது.

ஆறாவது, அவரவர் ஊர்ப்பேச்சிற்கு முழு இடந்தருக. செந்தமிழும் ஆங்கிலமும் வல்லார் மட்டும் வெல்லும் ஆட்டம், நாம் நீக்கக் கருதிய குறையையே மீண்டும் விளைக்கும்.

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. தேர்வு நெருங்குங்கால் இவற்றிற்கு நேரம் ஏது என்பார் உளர். அவர்க்கு நாம் கூறும் விடை இது. தேர்வு ஆண்டிற்கு இருமுறை வரும்; பிறரோடு பேசி வாழ வேண்டிய தேவை நாள்தோறும் வரும். முன்னதற்கு நூலும் ஆசிரியரும் பலர் உளர். பின்னதனை நாமே ஒருவர்க்கொருவர் ஆசிரியராக இருந்து கற்க வேண்டியுள்ளது. வாரத்திற்கு ஒருநாள் இரண்டு நாழிகை அதற்கென ஒதுக்குதல் மிகையாகாது.

மற்றொரு சாரார், இவ்வாட்டங்களால் எல்லாக் குறையும் நீங்கிவிடும் என்று எண்ணுதல் கூடும். அதுவும் பொருந்தாது. வறுமையால் வாடுவார்க்கு உதவித்தொகை வேண்டும். ஆழ்ந்த மனத்துயரால் நலிவார்க்கு மனநல மருத்துவர் துணை வேண்டும். ஆட்டம் அவற்றிற்கு ஈடாகாது. ஆயின், இன்னார்க்கு இன்ன துயர் உண்டு என்பதனைத் தோழர் கண்டுகொள்ளும் அளவிற்கு அவரை அருகில் கொண்டுவர ஆட்டத்தால் இயலும். துயருற்றவர் உதவியை நாடிச் செல்லும் வழியில் முதற்படி, தம் துயரை ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுவதேயன்றோ?

ஆதலின், அன்பிற்குரிய மாணவ நண்பர்களே, விடுதிக்கு ஒருவர் இப்பணியை ஏற்று முன்வருவாராக. வேண்டுவன சில தாள்களும், பதினைந்து அட்டைத் துண்டுகளும், எட்டுச் சீட்டுக்களுமே. அடுத்த வாரம் சனிக்கிழமை மாலையில், உங்கள் அறை வரிசையில் இதுவரை எவரும் பெயர் சொல்லி அழையாத ஒருவரை அழைத்து, அவர் முதுகோடு முதுகு சேர்த்து அமருங்கள். படத்தை அவர் கையிற் கொடுங்கள். வெற்றுத்தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் ஊர்ச் சொல்லால் உரைக்கட்டும். விளங்காத இடத்தில், தயங்காது, 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.